அடித்த வரிகள்

அறக்கட்டளைப் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் சிவப்புப் பேனா அக்கா. முகத்துக்கு நேரே வெறும் அக்காதான். முதுகுக்குப் பின்னால்தான் பேனா வந்து சேர்ந்துகொள்ளும். அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பாள். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட உண்டு. ஏழு வருஷமாக ஒரே வேலையைக் கண்ணும் கருத்துமாகச் செய்கிறவளுக்குப் பட்டப்பெயர் ஒன்றாவது மிஞ்ச வேண்டாமா?

வேலை இதுதான். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளை ஒன்பதாம் வகுப்பில் எடுத்து, பன்னிரண்டு முடிகிற வரைக்கும் படிக்க வைப்பது அறக்கட்டளை. ஒவ்வொரு பிள்ளைக்கும் எங்கோ தொலைவில் ஒரு ஸ்பான்சர். பள்ளிக் கட்டணம், சீருடை, புத்தகம் எல்லாம் அவர் பொறுப்பு. பிள்ளை ஒழுங்காக வகுப்புக்குப் போகிறதா, வீட்டில் என்ன நிலைமை, மதிப்பெண் ஏன் இறங்கியது என்று கூடவே இருந்து பார்த்துக்கொள்வது வழிகாட்டியின் பொறுப்பு. அக்கா வழிகாட்டி. அவள் கையில் இருபத்திரண்டு பிள்ளைகள்.

வருஷத்துக்கு மூன்று முறை பிள்ளைகள் ஸ்பான்சருக்குக் கடிதம் எழுத வேண்டும். கடிதச் சனிக்கிழமை என்றே அந்த நாளுக்குப் பெயர். அலுவலகத்தின் நீள அறையில் பெஞ்சுகளை இழுத்துப் போட்டுப் பிள்ளைகள் ரஃப் தாளில் எழுதி, வரிசையில் வந்து நிற்பார்கள். அக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படிப்பாள். சிவப்புப் பேனா இறங்கும். வேண்டாத வரியின் மேல் இரண்டு கோடு, கீழே என்ன எழுதியிருந்தது என்று யாருக்கும் தெரியாத அளவுக்கு அழுத்தமாக. பிறகு தாளைத் திருப்பிக் கொடுத்து, "இப்ப நல்லா இருக்கு. ஃபேர் காப்பி எடு" என்பாள்.

எதுவும் கேட்கக் கூடாது, அழுது வடியக் கூடாது, யாரையும் குறை சொல்லக் கூடாது. இதுதான் கடிதச் சட்டம். போட்டவர் செயலாளர். ஆனால் அவரைவிட அதை நம்பியவள் அக்காதான். அவள் வேலைக்குச் சேர்ந்த வருஷம் ஒரு பையன் தன் ஸ்பான்சரிடம் சைக்கிள் கேட்டு எழுதிவிட்டான். இன்றைக்கு சைக்கிள், நாளைக்கு என்ன என்று அந்த மனிதர் கையை உதறிவிட்டார். வேறு ஆள் கிடைப்பதற்குள் பையன் பத்தாம் வகுப்போடு நின்றுபோனான். இப்போது பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கார் கழுவுகிறான். தினமும் காலையில் ஈரக் கையோடு அவளுக்கு வணக்கம் வேறு சொல்கிறான். புதுப் பிள்ளைகள் வந்ததும் முதலில் அவள் சொல்வது இந்தக் கார் கழுவுகிறவன் கதையைத்தான்.

அதனால் ஸ்பான்சர் காதுக்குப் போகக் கூடாத சின்னச் சின்னத் தேவைகளை அவளே பார்த்துக்கொண்டாள். ஜியாமெட்ரி பாக்ஸ், அறுந்துபோன செருப்புக்கு மாற்று, காய்ச்சல் மாத்திரை. எல்லாம் அவள் கைப்பையிலிருந்து வரும். யாரும் அவளைச் செய்யச் சொல்லவில்லை. நல்ல மனசு என்றுதான் சொல்ல வேண்டும், சொல்லித்தான் ஆக வேண்டும், பின்னால் நடந்ததெல்லாம் அந்த நல்ல மனசால் வந்தது என்றாலும்.

பஞ்சு ஒன்பதாம் வகுப்பில் வந்தவள். தலைமுடியில் எப்போதும் இரண்டு இழையாவது ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால் பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர் அது. அம்மா மெத்தை தைக்கிறவள். பழைய மெத்தையைப் பிரித்து, பஞ்சை உதறிக் காயவைத்து, புது உறைக்குள் திணித்துத் தைத்துக் கொடுக்கும் வேலை. இருப்பது ஒரே அறை. அதில் முக்கால்வாசி பஞ்சு மூட்டை. மிச்ச இடத்தில் தையல் மெஷின், அடுப்பு, அம்மா, மகள். அப்பாவைப் பற்றி ஃபைலில் 'தொடர்பில் இல்லை' என்று இருக்கிறது. அதற்கு மேல் அவரைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

முதல்முறை அக்கா வீடு பார்க்கப் போனபோது மெத்தைக்காரம்மா பரபரவென்று மூட்டைகளை நகர்த்தினாள்.

"உக்காருங்கம்மா. எங்க உக்காருவீங்கன்னுதான் தெரியல. ஊரே நான் தைச்ச மெத்தையிலதான் தூங்குது. நாங்க அதுக்குப் பக்கத்துல தூங்குறோம்" என்று சொல்லித் தானே சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கச் சற்று நேரம் ஆனது.

பஞ்சு ஒரு நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். அந்த அறையையே மேலிருந்து பார்க்கிற மாதிரி பென்சிலால் வரைந்திருந்தாள். ஸ்கேல் பிடித்த கோடு, மூலைக்கு மூலை அளவு. இல்லாத இடத்தில் ஒரு ஜன்னல்.

"இங்க ஒரு ஜன்னல் வெச்சிருந்தா தூசி வெளிய போயிருக்கும்க்கா. கட்டினவங்க யோசிக்கவே இல்ல."

"நீ என்ன ஆகணும்னு நெனைக்கிறே?"

"வீட்டுக்குப் பிளான் வரையற வேலைக்குப் போகணும். பன்னெண்டு முடிச்சா அதுக்குப் படிக்கலாமாமே?"

அக்காவுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போயிற்று. இருபத்திரண்டில் ஒன்று தேறும் என்றால் இதுதான் என்று அன்றைக்கே மனசில் முடிந்துகொண்டாள். இந்தப் பெண்ணைப் பன்னிரண்டு தாண்ட வைத்து, அந்தப் படிப்பில் கொண்டுபோய் விடாமல் ஓய்வதில்லை என்றும்.

பஞ்சுவின் ஸ்பான்சர் கப்பலில் எஞ்சினியராக இருந்து ஓய்வுபெற்றவர். அலுவலகத்தில் கப்பல்காரர் என்று சொல்வார்கள். தனியாள். அவருக்குப் பஞ்சு எழுதிய முதல் கடிதத்தின் நடுவில் இப்படி இருந்தது: 'எனக்கு எப்போதும் கண் அரிக்கிறது. பஞ்சுத் தூசி என்று அம்மா சொல்கிறார். படிக்கும்போது கண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது.'

அக்கா இரண்டு கோடு போட்டாள்.

"நான் எதுவும் கேக்கலையேக்கா" என்றாள் பஞ்சு.

"நீ கேக்கலைம்மா. படிக்கிறவருக்குக் கேக்கற மாதிரி இருக்கும்."

ஆனால் சிவந்த கண்ணைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க அவளால் முடியவில்லை. அன்று மாலையே தெருமுனை மருந்துக் கடையில் போய்ச் சொன்னாள். கடைக்காரர் யோசிக்கக்கூட இல்லை. "அலர்ஜிதான். இதைப் போடச் சொல்லுங்க, ரெண்டே நாள்ல பளிச்சுனு ஆயிடும்" என்று ஒரு சின்னப் பாட்டிலை எடுத்துப் போட்டார். சொட்டு மருந்து. அக்கா தன் பணத்தில் வாங்கிக் கொடுத்தாள். கடைக்காரர் சொன்னது பொய்யில்லை, இரண்டே நாளில் அரிப்பு நின்றது. நான்கு வருஷமாகத் தொல்லை கொடுத்த அரிப்பு. பஞ்சு ஓடிவந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். மருந்து தீர்ந்தால் அரிப்பு திரும்பி வந்தது. அதனால் தீரத் தீர அம்மாவே போய் அதே பாட்டிலை வாங்கினாள். அக்கா வாங்கிக் கொடுத்த மருந்தாயிற்றே.

பத்தாம் வகுப்பில் ஒரு கடிதச் சனிக்கிழமை பஞ்சு வரிசையில் வந்து நின்றாள். ரஃப் தாளில் இப்படி இருந்தது: 'தலை வலிக்கிற நாட்களில் மாலை நேரத்தில் எங்கள் தெரு விளக்குகளைச் சுற்றி வட்டமாக வானவில் தெரிகிறது. ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு வானவில்.'

அக்கா படித்துவிட்டு ஒரு நிமிஷம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் 'நான் நலம், நீங்கள் நலமா' தவிர வேறு எதுவும் படிக்காத கண். அந்த மாதிரித் தெருவில் இருந்துகொண்டு இப்படி எழுத ஒரு பிள்ளைக்கு வருமா என்று அவளுக்கு உச்சி குளிர்ந்தது. வரியைத் தொடவே இல்லை. முதல் மூன்று சொல்லை மட்டும் அடித்தாள். தலை வலிக்கிற நாட்களில்.

"இப்ப நல்லா இருக்கு. ஃபேர் காப்பி எடு."

செயலாளர் பார்த்தார், சொக்கிப்போனார். அடுத்த வருஷக் காலண்டரில் ஒரு மாதத்துக்கு அந்த வரியைப் பெரிய எழுத்தில் போட்டு, கீழே தெருவிளக்குப் படம் ஒன்றையும் அச்சடித்துவிட்டார்கள். அலுவலகச் சுவரில் ஒன்று. கொடையாளர்களுக்கெல்லாம் ஒன்று. மெத்தைக்காரம்மா தன் அறையில் ஆணி அடிக்க இடமில்லாமல் கதவின் உள்பக்கத்தில் மாட்டினாள்.

கப்பல்காரரிடமிருந்து பதில் வந்தது. ஸ்பான்சர்களின் கடிதங்களையும் வழிகாட்டி படித்துவிட்டு, பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதை மட்டும் சொல்வதுதான் அங்கே வழக்கம். அவர் எழுதியிருந்தார்: 'அந்த வரி அழகாக இருந்தது. ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். கப்பலில் என்னோடு வேலை பார்த்த ஒருவருக்கு இப்படித்தான் விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தது. அது கண் வியாதி என்று தாமதமாகத்தான் தெரிந்தது. இந்தப் பெண்ணுக்கு ஒன்றும் இருக்காது. இருந்தாலும் ஒருமுறை கண் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். செலவை நான் ஏற்கிறேன்.'

அக்காவுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. பெண்ணின் கண்ணை நினைத்து இல்லை. ஸ்பான்சர் பயந்துவிட்டாரே என்று. பயந்தவர் எத்தனை நாள் நிற்பார்? நோயாளிப் பிள்ளை என்று ஒருமுறை பட்டுவிட்டால் அவ்வளவுதான். இருந்தாலும் அவள் கேட்காமல் விடவில்லை. அடுத்த முறை பஞ்சுவைப் பார்த்ததும் முதல் கேள்வியே அதுதான்.

"கண்ணு இப்ப எப்படிம்மா இருக்கு?"

"சூப்பரா இருக்குக்கா. அரிக்கறதே இல்ல."

கேட்டதும் உண்மையாகக் கேட்டது, சொன்னதும் உண்மையாகச் சொன்னது. வளையத்தைப் பற்றி அக்கா கேட்கவில்லை. அது அவள் கண்ணுக்கு இன்னும் காலண்டர் வரியாகவே இருந்தது. கப்பல்காரர் கடிதத்தைச் சுருக்கி, "உன் வானவில் அவருக்கு ரொம்பப் பிடிச்சிருக்காம்" என்று மட்டும் சொன்னாள். பதில் கடிதத்தில் ஒரு வரியைத் தானே சொல்லி எழுத வைத்தாள்: 'எனக்கு எந்த உடல் குறையும் இல்லை.'

"இதை எதுக்குக்கா எழுதணும்?"

"எழுதும்மா. அவருக்குச் சந்தோஷமா இருக்கும்."

பஞ்சு தன் அச்சடித்த மாதிரியான கையெழுத்தில் எழுதினாள். கப்பல்காரரின் கடிதம் ஃபைலுக்குள் போயிற்று.

பதினொன்றாம் வகுப்பில் பஞ்சு தடுமாற ஆரம்பித்தாள். கணக்கு இறங்கியது. வரைபடத்தில் கோடுகள் தாளின் ஓரத்தைத் தாண்டி ஓடின. அலுவலகத்துக்கு வந்தால் கதவு நிலையில் தோள் இடிக்கும். மேசையில் பக்கவாட்டில் இருந்த டீ கிளாஸைத் தட்டிவிட்டு, எங்கிருந்து விழுந்தது என்று திகைத்து நிற்பாள். அக்கா கூப்பிட்டு உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசினாள்.

"என்னம்மா ஆச்சு உனக்கு? கனவு கண்டுட்டே நடக்கறியா? வயசுக் கோளாறா? ஃபோன் கீன் யாராவது வாங்கிக் குடுத்திருக்காங்களா?"

"இல்லக்கா."

"அப்புறம் என்ன? கவனம் எங்க போகுது?"

பஞ்சு வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். "இனிமே கவனமா இருக்கேன்க்கா" என்றாள். அக்காவுக்கு அது திருப்தியாக இருந்தது. பிள்ளையிடம் மனசு விட்டுப் பேசியாகிவிட்டது என்று பதிவேட்டில் எழுதினாள்.

அந்த வருஷம் பஞ்சுவின் கடிதங்களில் சிவப்புப் பேனாவுக்கு வேலையே இல்லை. மூன்று கடிதத்திலும் ஒரு சொல்கூட அடிக்க வேண்டியிருக்கவில்லை. வணக்கம், நலம், படிக்கிறேன், நன்றி. புதிதாகச் சேர்ந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அக்கா அதைத்தான் எடுத்துக் காட்டினாள். கடிதம் என்றால் இப்படி எழுத வேண்டும் என்று.

பன்னிரண்டாம் வகுப்பில், பொதுத்தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கும்போது, பள்ளிக்கூட வாசலில் இடது பக்கமிருந்து வந்த ஸ்கூட்டர் பஞ்சுவின் மேல் மோதியது. ஓட்டியவர் ஹாரன் அடித்திருக்கிறார். சத்தம் கேட்டும் வண்டி எங்கே வருகிறது என்று அவளுக்குத் தெரியவில்லையாம். கையில் சுளுக்கு, முழங்காலில் தோல் உரிந்தது, அவ்வளவுதான். ஆனால் காயத்துக்குக் கட்டுப் போட்ட டாக்டர் சந்தேகப்பட்டு, அவள் முகத்துக்குப் பக்கவாட்டில் விரலை ஆட்டிப் பார்த்தார். பிறகு மாடியில் இருந்த கண் பிரிவுக்கு அனுப்பினார்.

கண் டாக்டர் நடுத்தர வயதுப் பெண். ஒரு மணி நேரத்துக்கு மேல் சோதித்தாள். முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. பிறகு அம்மாவைப் பார்த்து, "ஏதாவது சொட்டு மருந்து போடறாளா?" என்று கேட்டாள்.

மெத்தைக்காரம்மா முந்தானை முடிச்சிலிருந்து பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தாள். டாக்டர் அதைத் திருப்பிப் பார்த்தாள்.

"எத்தனை நாளா?"

"மூணு வருஷமா போடறோம்மா. நல்லா கேக்குது."

"இதுல ஸ்டீராய்டு இருக்கு. ஒரு வாரம், பத்து நாள் போடலாம். அதுவும் டாக்டர் பாத்துக்கிட்டே இருக்கணும். வருஷக் கணக்குல போட்டா கண்ணுக்குள்ள பிரஷர் ஏறிடும். ஏறி, நரம்பை அழிச்சிடும். யாரு எழுதிக் குடுத்தாங்க இதை?"

செய்தி கேட்டு ஓடிவந்திருந்த அக்கா ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தாள். மெத்தைக்காரம்மாவின் தலை அவள் பக்கம் திரும்பத் தொடங்கியது. அதற்குள் பஞ்சு பதில் சொல்லிவிட்டாள்.

"கடையில வாங்கினதுங்க, டாக்டர்."

நான்தான் வாங்கிக் கொடுத்தேன் என்று சொல்ல மூச்சு விடுகிற நேரம் போதும். அக்கா சொல்லவில்லை.

"விளக்கைப் பாத்தா சுத்தி வளையம் மாதிரி தெரிஞ்சுதா? கலர் கலரா?" என்றாள் டாக்டர்.

"தெரிஞ்சுது டாக்டர். பத்தாவது படிக்கறப்ப. காலண்டர்லகூடப் போட்டாங்க."

டாக்டருக்கு அது புரியவில்லை. பிள்ளை பயத்தில் உளறுகிறது என்று நினைத்து அவள் தலையை மெல்லத் தடவிக் கொடுத்தாள். பிறகு அம்மாவுக்குப் புரிகிற மாதிரி நிதானமாகச் சொன்னாள். இடது கண் போய்விட்டது. வலது கண்ணில் நடுவில் மட்டும் கொஞ்சம் மிச்சம், குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி. அந்த மிச்சத்தைக் காப்பாற்ற உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும். போனது திரும்பாது. "ரெண்டு வருஷம் முன்னாடி கூட்டிட்டு வந்திருந்தா பெரும்பாலும் காப்பாத்தியிருக்கலாம்" என்றாள்.

மெத்தைக்காரம்மா அழவில்லை. "நான்தானே ஊத்தினேன்" என்றாள். "ரெண்டு கண்ணுலயும் நான்தானே ஊத்தினேன்." அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அக்கா அலுவலகத்தில் பழைய ஃபைலைப் பிரித்துக் கப்பல்காரரின் கடிதத்தை எடுத்தாள். மடிப்புக்கூடக் கலையாமல் இருந்தது. செயலாளரின் மேசைமேல் கொண்டுபோய் வைத்தாள். அவர் படித்தார். தேதியைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். புதுக் காலண்டர்தான் தொங்கியது, என்றாலும் பார்த்தார். பிறகு கடிதத்தைப் பழையபடி மடித்து அவள் கையிலேயே கொடுத்தார்.

"இது பழைய ஃபைல். அங்கேயே இருக்கட்டும்."

"சார், அவருக்குச் சொல்லணும்."

"சொல்லலாம். பரீட்சை முடியட்டும். இந்த மாசம் அவர் அடுத்த வருஷத்துக்கு உதவியைப் புதுப்பிக்கற மாசம், ஞாபகம் இருக்கா? இப்ப போய் ரெண்டு வருஷமா உங்களை ஏமாத்தினோம்னு சொன்னா நிப்பாரா? அவர் போயிட்டா, அந்தப் பொண்ணு சொல்லச் சொல்லப் பரீட்சை எழுத ஆள் வேணும், அதுக்கு அனுமதி வாங்கணும், கூட்டிட்டுப் போய்க் கூட்டிட்டு வரணும். எதை வெச்சு செய்வீங்க? வழக்கம்போல ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க. நல்லபடியா இருக்கட்டும்."

அவர் கெட்டவர் இல்லை. இதுதான் எரிச்சல். கெட்டவராக இருந்திருந்தால் அவர் மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

ஆபரேஷன் முடிந்து பன்னிரண்டாம் நாள் பிற்பகலில் அக்கா அந்த வீட்டுக்குப் போனாள். மூட்டைகளையெல்லாம் வெளியே எடுத்துப் போட்டு, தார்ப்பாயைக் கட்டி, மெத்தைக்காரம்மா அதன் கீழே உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். தூசி படக் கூடாதாம். அறை முதல்முறையாகக் காலியாக இருந்தது. தரையில் ஒரு மெத்தை விரித்திருந்தது, புது உறையோடு. அதன்மேல் பஞ்சு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வலது கண்ணில் கட்டு. அன்று காலைதான் அதைப் பாதி நேரம் திறந்து வைக்க டாக்டர் சொல்லியிருந்தாள். கதவின் உள்பக்கத்தில் காலண்டர் இன்னும் தொங்கியது, வருஷம் தாண்டியும், அந்த மாதத்திலேயே.

"அம்மா விக்காம ஒரு மெத்தையை எனக்குன்னு தைச்சுக் குடுத்துட்டாங்கக்கா. கண்ணு போனதுக்கு வந்த லாபம்" என்று பஞ்சு சிரித்தாள்.

அக்காவால் சிரிக்க முடியவில்லை. "கடிதம் எழுதணும்மா. நீ சொல்லு, நான் எழுதறேன். எதை வேணும்னாலும் சொல்லு. நான் ஒரு வார்த்தைகூட அடிக்க மாட்டேன்" என்றாள்.

பஞ்சு கட்டை மெல்ல மேலே தள்ளிவிட்டு, முகத்தை நேராக வைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். பேசுகிற குரல் இல்லை அது. கடிதக் குரல்.

"அன்புள்ள ஐயா, வணக்கம். நான் நலமாக இருக்கிறேன். தாங்களும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். பொதுத்தேர்வுக்கு நன்றாகத் தயாராகி வருகிறேன். தங்கள் உதவியால்தான் நான் படிக்கிறேன். என் வழிகாட்டி என்னை நன்றாகக் கவனித்துக்கொள்கிறார். மிக்க நன்றி. இப்படிக்கு, தங்கள் அன்புள்ள."

அக்கா எழுதினாள். எழுதி முடித்தும் பேனா நிற்கவில்லை. வெளியே மெஷின் ஓடுகிற சத்தத்துக்கு நடுவிலும் தாளில் பேனா உரசுவது பஞ்சுவின் காதுக்குக் கேட்டது.

"நான் முடிச்சிட்டேனேக்கா. நீங்க இன்னும் எழுதறீங்க."

"ம்."

"படிங்க."

அக்கா படித்தாள். "ஐயா, மேலே இருப்பது உண்மை இல்லை. இந்தப் பெண்ணின் ஒரு கண் போய்விட்டது. மறுகண்ணும் பெரும்பாலும் போய்விட்டது. விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தால் கண் டாக்டரிடம் காட்டுங்கள் என்று நீங்கள் இரண்டு வருஷம் முன்பே எழுதினீர்கள். அதை நான் அவளிடம் சொல்லவில்லை. அவள் கண்ணைக் கெடுத்த மருந்தை முதலில் வாங்கிக் கொடுத்ததும் நான்தான்."

வெளியே மெஷின் நின்றது, அம்மா நூல் மாற்றினாள் போலிருக்கிறது, மறுபடி ஓடியது.

"மருந்து தெரியும். அவரு கேட்டாரா?"

"கேட்டார்."

"காலண்டர் வந்த வருஷமா?"

"ஆமா."

"எந்த உடல் குறையும் இல்லைன்னு ஒரு வரி எழுத வெச்சீங்களே. அதுதான் பதிலா?"

அக்கா தலையை ஆட்டினாள். அவள் ஆட்டியது பஞ்சுவுக்குத் தெரிந்திருக்காது என்று உறைத்ததும், "ஆமாம்மா" என்றாள்.

"என் கையெழுத்துல."

"ஆமா."

பஞ்சு மெத்தையின் தையலை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு, "அதை அடிச்சிடுங்கக்கா" என்றாள்.

"பஞ்சு, அவர் நல்ல மனுஷன். சொன்னா புரிஞ்சுக்குவார்."

"நல்ல மனுஷன்தான். அவரு கேட்டதுக்கு ஒண்ணும் இல்லைன்னு எழுதினது நான். இதைப் படிச்சா உங்களைத் திட்டுவாரா, என்னைத் திட்டுவாரா? ரெண்டு பேரையும் விட்டுட்டுப் போயிடுவாரு. போனா எனக்குப் பக்கத்துல உக்காந்து பரீட்சை எழுத யாரு வருவாங்க? பிளான் வரையறது போச்சு. அது போச்சுன்னு எனக்குத் தெரியும். பன்னெண்டாவது முடிச்சேங்கறதாவது இருக்கட்டும்க்கா. காரு கழுவற அண்ணனுக்குக் கண்ணாவது இருக்கு."

"எனக்கு மனசு கேக்கலைம்மா. சொல்லாம இருக்க முடியல."

"சொல்லிட்டா உங்களுக்கு ஆறிடும். எனக்கு என்னக்கா ஆறும்?"

அக்கா கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தாள். மூடியைக் கழற்றி, மறுபடி மூடினாள். வாழ்நாளில் ஒரு தடவையாவது ஒரு வரியை அடிக்காமல் அனுப்பிவிட வேண்டும் என்று இருந்தது அவளுக்கு. இந்தப் பெண்ணுக்கும் அதுதான் நல்லது, பிறகு புரிந்துகொள்வாள் என்று தோன்றியது. எப்போதும் அவளுக்கு அப்படித்தான் தோன்றும்.

"அடிச்சிட்டேன்" என்றாள்.

பஞ்சு கையை நீட்டினாள். அக்கா தயங்கினாள். நீட்டிய கை அப்படியே இருந்தது. வேறு வழியில்லாமல் தாளைக் கொடுத்தாள். பஞ்சு அதை மூக்குத் தொடுகிற அளவுக்குக் கொண்டுவந்து, மிச்சமிருக்கிற அந்தக் குழாய்ப் பார்வைக்குள் ஒவ்வொரு சொல்லாகப் பிடித்து, தலையை மெல்ல நகர்த்தி நகர்த்திப் படித்தாள். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் வழி தவறி, விரலை வைத்துத் தேடி, திரும்பவும் பிடித்தாள். 'தங்கள் அன்புள்ள' தாண்டி வந்தாள். ஒரு கோடும் இல்லாமல் முழுசாக இருந்த வரிகளில் விரல் நின்றது.

கோபப்படுவாள் என்று அக்கா எதிர்பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பேனாவைக் குடுங்க."

அக்கா கொடுத்தாள். பஞ்சு தாளைத் தொடைமேல் வைத்து, இடது கை விரலால் வரியின் தொடக்கத்தைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் கோடு இழுத்தாள். கோடு பாதியில் சாய்ந்து கீழ் வரிக்குப் போயிற்று. திரும்பத் தொடக்கத்துக்கு வந்து, இரண்டாவது கோடு. பிறகு அடுத்த வரி. கீழே என்ன எழுதியிருந்தது என்று யாருக்கும் தெரியாத அளவுக்கு, அக்காவிடம் கற்றுக்கொண்டபடியே, அழுத்தமாக அடித்தாள். எல்லாவற்றையும் அடித்து முடித்துப் பேனாவை மூடி, தாளோடு சேர்த்து நீட்டினாள்.

"இப்ப நல்லா இருக்கு" என்றாள். "ஃபேர் காப்பி எடுங்கக்கா. கையெழுத்து எங்க போடணும்னு மட்டும் விரலை வெச்சுக் காட்டுங்க."

அக்கா புதுத் தாள் ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அன்புள்ள ஐயா என்று ஆரம்பித்தாள்.